ஸ்டோர் இஞ்சினின் சத்தத்தைக் குறைத்தது யார்

போன மாதம் ஸ்டோரிலிருந்து மூன்று இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அதற்கு ஒரு நினைவு மலர் வெளியிடப் போகிறார்களாம், பழைய ஆட்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம். அங்கே இருபத்திரண்டு வருஷம் தலைமை இஞ்சின் டிரைவராக இருந்தவன் நான். என்னைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"சவரிமுத்து ஐயாவ பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. ராத்திரிச் சத்தத்தக் கொறச்சவரு அவருதானே. நீங்க கூட இருந்து பாத்தவரு" என்றார்கள்.

கூட இருந்து பார்த்தவன்! சவரிமுத்து எங்கள் ஸ்டோரில் இருந்தது மொத்தமே மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்கு மலர். என் இருபத்திரண்டுக்கு, அவனைப் பற்றி எழுதும் பாக்கியம். சரி, எழுதுகிறேன் என்றேன். ஆனால் எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழுதுவேன். அச்சில் போடுவதும் அடுப்பில் போடுவதும் அவர்கள் பாடு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சவரிமுத்துவைப் பிடிக்காது. அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. வெறும் பொறாமைதான். நாற்பது வருஷம் ஆன பிறகு இதற்கு வேறு பெயர் தேட எனக்கு மனமில்லை.

எங்கள் தோட்டம் ராகலையிலிருந்து உடப்புசல்லாவை போகிற வழியில் இருக்கிறது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் நான் ஸ்டோருக்குள் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் இஞ்சினைத் துடைத்தேன். பிறகு எண்ணெய் விட்டேன். பிறகு இரண்டாம் டிரைவர் ஆனேன். அவ்வளவுதான் என் படிப்பு. இதற்கு மேல் விரித்தால் எனக்கே கொட்டாவி வரும்.

இஞ்சினைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எண்ணெய் இஞ்சின், இரண்டு பக்கமும் ஆள் உயரச் சக்கரங்கள். அதைக் கிளப்புவது கல்யாண வேலை மாதிரி. ஊதுவிளக்கைப் பற்றவைத்து இஞ்சினின் தலையை இருபது நிமிஷம் சுட வேண்டும். தலை சிவந்து வரும்போது எண்ணெய்க் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, சொட்டு சரியாக விழுகிறதா என்று எண்ண வேண்டும். சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருப்போம். அந்தக் கோடு உச்சிக்கு வந்து ஒரு விரல் அகலம் தாண்டும்வரை கையால் உருட்ட வேண்டும். பிறகு காற்று அடைத்த உருளையைத் திறந்து உடனே மூட வேண்டும்; அந்தக் காற்று தள்ளித்தான் சக்கரம் சுற்றத் தொடங்கும். திறந்த கை ஒரு நொடி தாமதித்தால் சக்கரம் பின்னால் சுற்றும். அப்படிச் சுற்றியதில் எங்கள் பெரிய டிரைவருக்கு ஒரு தடவை மணிக்கட்டு முறிந்திருக்கிறது.

கிளம்பிவிட்டால் சத்தம். புகைக்குழாய் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து நிமிர்ந்து நிற்கும். அதற்குக் கீழே மண்மேட்டைத் தாண்டினால் ஸ்டோர் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருபது காம்பரா. காம்பரா என்றால் ஒரு குடும்பம் இருக்கிற ஒற்றை அறை. என் குடும்பமும் அதில் ஒன்றில்தான் இருந்தது. இஞ்சின் போடும் ஒவ்வோர் அடிக்கும் லயத்தின் தகரக் கூரை பதிலுக்கு அதிரும். பலகையில் கவிழ்த்து வைத்த தட்டு இரவெல்லாம் நகர்ந்து நகர்ந்து விடிவதற்குள் விளிம்புக்கு வந்திருக்கும். பின்னேரம் வந்த கொழுந்தை மேல்மாடியில் பரப்பி இரவு முழுக்கக் காற்றாடி ஓட்டி வாட்டுவார்கள். அதனால் இஞ்சின் ஓடுவதே இரவில்தான்.

எங்களுக்கு மேலே, ஸ்டோர் முழுவதற்கும் பொறுப்பாக இருந்தவர் டீமேக்கர் ஐயா. கண்டிப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்தக் கோளாறு என்று போய் நின்றாலும், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "முதல்ல இருந்து சொல்லு" என்பார். ஊதுவிளக்கில் தொடங்கிச் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒரு படியை விட்டுவிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறப்பார். அந்த ஒற்றைக் கண்ணுக்குப் பயந்தே நான் வேலையை ஒழுங்காகச் செய்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், சத்தம் பெரிய பிரச்சினையானது. கொழுந்து எடுக்கும் பெண்கள் காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நின்றபடியே தூங்கினார்கள். ஒருத்தி மலைச்சரிவில் கூடையோடு உருண்டு கால் ஒடிந்தது. தொழிலாளர் சங்கத் தலைவர் போய், தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் நின்றார். துரை, புது இஞ்சினும் கிடையாது, வேலையை நிறுத்தவும் முடியாது, ஸ்டோரில் இருக்கும் சாமானை வைத்து என்ன செய்ய முடியுமோ செய்யுங்கள் என்று டீமேக்கர் ஐயாவிடம் தள்ளிவிட்டார்.

அதே சமயம் எங்கள் பெரிய டிரைவர் தீபாவளி கழிந்து இந்தியாவுக்குப் போவதாக இருந்தார். டீமேக்கர் ஐயா என்னையும் சவரிமுத்துவையும் கூப்பிட்டார். சத்தத்தை எவன் குறைக்கிறானோ அவன் பெயரைத் தலைமை டிரைவர் வேலைக்கு எழுதுவதாகச் சொன்னார். அந்த வேலையோடு தனி வீடும் உண்டு. இரண்டு அறை, சமையலுக்குத் தனிக் குசினி, பக்கத்துக் காம்பராவின் இருமல் கேட்காத சுவர். நான் அந்த வேலைக்காக எட்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தேன். சவரி வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

அவனைப் பற்றிச் சொல்லவேண்டும் அல்லவா, மலர் அதற்குத்தானே. இறம்பொடைப் பக்கத்து ஸ்டோர் ஒன்றிலிருந்து இஞ்சின் பழுது பார்க்கும் பிட்டராக வந்தவன். என்னைவிட ஆறு வயது இளையவன். வேதக்காரன். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. நான் போட்டால் எண்ணெய்க் கறையாகும் காக்கிச் சட்டை அவன் போட்டால் கஞ்சி போட்டது போல நிற்கும். இஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்துவிட்டு, எந்தக் கிண்ணத்தில் எண்ணெய் குறைகிறது என்று சொல்லுவான். சரியாகவும் இருக்கும். நான் நான்கு தடவை முயன்று கிளப்பும் இஞ்சின் அவனுக்கு ஒரே தடவையில் கிளம்பும். அதுகூடப் போகட்டும். என் மனைவி செல்லம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தால், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற பிள்ளை என்று அவனுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைப்பாள். நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வழியில் கொட்டிவிடலாமா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

முதலில் முயன்றவன் நான். ஒரு பெரிய எண்ணெய்ப் பீப்பாயின் பக்கங்களில் ஓட்டை போட்டு, புகைக்குழாயின் வாயில் கவிழ்த்துக் கம்பியால் கட்டினேன். முதல் கால்மணி நேரம் சத்தம் பாதியானது. சவரியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் தலையைச் சொறிந்தான். கொஞ்ச நேரத்தில் பீப்பாய்க்குள் சேர்ந்த எண்ணெய்ப் புகை பற்றிக்கொண்டு வெடித்தது. பீப்பாய் லயத்தைத் தாண்டிப் பறந்து சங்கத் தலைவரின் லீக்ஸ் காய்கறிப் பாத்தியில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் பெண்கள் என்னைப் பார்த்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

சவரி குழி வெட்டினான். பின்சுவரை ஒட்டி ஆள் ஆழம், சுற்றிலும் கல் கட்டி, உள்ளே ஆற்றுக்கல் நிரப்பி, மேலே பலகைக்கல் போட்டு மூடினான். புகைக்குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாயைப் பிரித்துக் குழிக்குள் இறக்கினான். முதல் தடவை இஞ்சின் மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. டீமேக்கர் ஐயா கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து கேட்டார். சவரி ஒரு படியும் விடாமல் சொல்லி, கடைசியில், "கல்லு சின்னதுங்க ஐயா. பொக போக எடமில்ல" என்றான். மறுபடி எல்லாவற்றையும் வாரிக் கொட்டி, அடியில் தேங்காய் அளவு, நடுவில் முஷ்டி அளவு, மேலே எலுமிச்சை அளவு என்று மூன்று அடுக்காகக் கல் போட்டான். உள்ளே நீராவி குளிர்ந்து தேங்கும் தண்ணீர் வடிய அடியில் ஒரு குழாயும் வைத்தான். முன்பு நிமிர்ந்து நின்ற நேர்க்குழாயின் வாயைத் தகடு வைத்து முறுக்கி மூடினான்.

அன்று இரவு இஞ்சின் ஓடியது. சுவருக்கு வெளியே வந்து நின்றால், யாரோ தூரத்தில் மெத்தையைத் தட்டுகிற சத்தம். அவ்வளவுதான். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நல்ல வேலை என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

ஆனால் ஒருவரும் எதிர்பார்க்காதது நடந்தது. லயம் அன்று தூங்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் கிடந்தவர்கள், அது நின்றதும் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்கள். இஞ்சின் வெடித்துவிட்டதோ என்று பாதிப் பேர் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது. அதுவரை ஒரு வீட்டுச் சண்டையை இன்னொரு வீட்டுக்குக் கேட்காமல் காத்தது இஞ்சின்தான். இப்போது எல்லாமே எல்லாருக்கும் கேட்டது. மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பாதிப் பெண்கள் பாதிப் பெண்களுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் குழந்தைகள் மட்டும் நன்றாகத் தூங்கின. எங்கள் ஏழு மாதப் பெண்ணும் தூங்கினாள். செல்லம்மா அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பொறுத்திருந்தால் எல்லாரும் பழகியிருப்பார்கள். நான் பொறுக்க விடவில்லை.

இஞ்சினுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சாமி உண்டு, ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். ஸ்டோர் சுவருக்கு வெளியே மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம். வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் உடைத்து, இஞ்சினுக்குச் சந்தனம் வைத்த பிறகுதான் சக்கரத்தைத் தொடுவோம். அந்தப் பூசையைச் செய்பவன் நான். நான்காம் நாள் காலை பீலிக்கரையில், எங்கள் பக்கத்துக் காம்பரா மாரியாயி தூக்கம் வராத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.

"முனி மூச்சு விடுற வாய அடச்சா, லயத்துல எப்பிடித் தூக்கம் வரும்?"

அது போதுமாக இருந்தது. மத்தியானத்துக்குள் மேல்மலை வரைக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் லயத்து ஜனம் முழுக்க ஸ்டோர் வாசலில் நின்றது. குழியை மூட வேண்டும், இல்லையென்றால் ஒருவரும் கொழுந்து எடுக்கப் போகமாட்டோம் என்றார்கள். கேட்டு வாங்கிய நிம்மதியைத் திருப்பிக் கொடுக்க அதே சங்கத் தலைவர் முன்னால் நின்றார். டீமேக்கர் ஐயா சுற்றிலும் பார்த்துவிட்டு, முனி விஷயத்தை முனியிடமே கேளுங்கள் என்றார். பூக் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் முனிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் குழி வேண்டாம். கட்ட வேண்டியவன் பூசை செய்கிற நான்.

பூவுக்கு டீமேக்கர் ஐயாவின் வீட்டுத் தோட்டத்துக்குப் போனேன். வேலியோரம் சிவப்பு ரோஜாச் செடியும் வெள்ளை ரோஜாச் செடியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளைச் சதுரமாக வெட்டி மடியில் வைத்திருந்தேன். ஈயத்தாளில் மடித்தால் உள்ளே என்ன நிறம் என்று முனிக்குத்தான் தெரியும். நான் இரண்டு பூப் பறித்தேன். இரண்டும் சிவப்பு. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்று எழுதும்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது சவரி வழியில் நின்றான். கூட்டத்துக்குள் வராமல் ஒதுங்கி, தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

"முனி என்னா சொன்னாலும் சரிங்கண்ணே. நீங்க கட்டுறீங்க, எனக்கு அது போதும்" என்றான்.

அவன் வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

பேசத் தெரியாத குழந்தைதான் எடுக்க வேண்டும் என்பது முறை. கூட்டத்தில் யார் குழந்தை என்று பார்த்தார்கள். செல்லம்மா எங்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. கற்பூரம் காட்டினேன். பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலமும் பளபளத்தன. குழந்தை ஒன்றைப் பிடித்து நேரே வாய்க்குக் கொண்டுபோனது. சங்கத் தலைவர் அதைப் பிடுங்கிப் பிரித்தார். சிவப்பு. கூட்டம் முனியே என்று கும்பிட்டது. முறைப்படி மற்றப் பொட்டலத்தை நான் பிரிக்காமல் கொண்டுபோய் ஓடையில் விட்டேன். அன்றைக்கே கிளைக்குழாயை அடைத்து, நேர்க்குழாயைத் திறந்துவிட்டார்கள். திறந்தவன் சவரிதான். மரை மரையாகக் கழற்றினான்.

மறுநாள் காலை டீமேக்கர் ஐயா கூப்பிட்டனுப்பினார். தேநீர் ருசி பார்க்கும் மேசையில் கோப்பைகள் வரிசையாக இருந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு, நேற்றுப் பூக் கட்டியதை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். குளித்தது, திருநீறு பூசியது, ஈயத்தாள் வெட்டியது, பூப் பறித்தது, மடித்தது, தட்டில் குலுக்கியது. ஒரு கண் திறந்தது.

"எத்தன பூ?"

"ரெண்டுங்க ஐயா. ஒரு வெள்ள, ஒரு செவப்பு."

கண் மூடிக்கொண்டது.

"வெள்ளச் செடியில ஒரே ஒரு பூதான் இருந்திச்சி. அது இப்பவும் இருக்கு" என்றார்.

நான் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவரோ, தலைமை டிரைவர் வேலைக்கு என் பெயரைத்தான் எழுதப் போவதாகச் சொன்னார். லயத்து ஆட்கள் நான் சொன்னால் கேட்கிறார்கள், கொழுந்து கெடாமல் இருக்க அவருக்கு அது வேண்டும். பிறகு கண்ணைத் திறக்காமலே, "சத்தத்துக்கும் இனி நீதான் பொறுப்பு" என்றார்.

தீபாவளி கழிந்து எனக்கு வேலை கிடைத்தது. இரண்டு மாதத்தில் சவரி இறம்பொடைப் பக்கமே திரும்பிப் போய்விட்டான். போகும்போது செல்லம்மாவிடம் குழம்புக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனான்.

தனி வீட்டுக்குக் குடி போனோம். அந்த வீடு புகைக்குழாய்க்கு லயத்தைவிடக் கிட்டே என்பதை எட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தும் நான் யோசித்ததில்லை. இஞ்சின் கிளம்பினால் குழந்தை வீரிட்டு அழும். செல்லம்மா தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடப்பாள். ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, கோபமில்லாமல், சும்மா சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

"நம்ம புள்ள பொறந்து நல்லாத் தூங்கினது அந்தச் சவரித் தம்பி குடுத்த ஒரு வாரந்தாங்க."

தட்டைத் தள்ளி வைத்தேன். வேலை என்னுடையது, வீடு என்னுடையது, மனைவி என்னுடையவள், அவள் வாயில் வருவது அவன் பெயர். அவன் ஊரில் இருந்தபோதுகூட எனக்கு அவ்வளவு எரிந்ததில்லை. அவன் கொடுத்த ஒரு வாரத்தை நான் வருஷக்கணக்கில் கொடுத்துக் காட்டுகிறேன் என்று எழுந்தேன். மனம் திருந்தி எழுந்தேன் என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை.

பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன். சவரியின் கல்லில் பிழையில்லை, குழாயில் பிழையில்லை. அவன் செய்த ஒரே பிழை, ஒரே நாளில் மூடியது. லயத்துக்குச் சத்தம் இல்லாமல் இருக்கப் பழக்க வேண்டும், அதுவும் பழக்குவது தெரியாமல். தேயிலை காய வைக்கும் அடுப்பின் பழைய இரும்புத் தட்டுகளை வெட்டிப் பதினாறு வட்டத் தகடு செய்தேன். முதல் தகட்டில் ஓட்டை கிட்டத்தட்டக் குழாயின் அகலம். அடுத்ததில் அதைவிட ஒரு நெல் அகலம் குறைவு. அப்படியே குறைந்து குறைந்து பதினாறாவதில் ஓட்டையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இஞ்சின் ஆறியிருக்கும். வாரம் ஒரு தகடாக நேர்க்குழாயின் இணைப்பில் மாற்றினேன். அதே அளவு குழிக்குப் போகும் கிளைக்குழாயைத் திறந்துவிட்டேன். குழியின் தண்ணீர்க் குழாயைத் தினமும் காலையில் நானே வடித்தேன். யாரையும் கிட்டே விடவில்லை. தெரிந்தால் முனியின் வாக்கை மீறியவன் என்று அடித்தே விரட்டியிருப்பார்கள். முனிக்கு மட்டும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தேன்.

ஒவ்வொரு திங்களும் பெரட்டுக்குப் போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாலு மாதத்தில் சத்தம் குழிக்குள் போய்விட்டது. அதற்குள் லயமும் மெல்லப் பேசக் கற்றுக்கொண்டிருந்தது. எங்கள் பெண் விடியும்வரை தூங்கினாள்.

டீமேக்கர் ஐயா அதற்கு முன்பே வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிவிட்டார். முதலிலிருந்து சொல்லு என்று கேட்க ஆள் இல்லாமல் போனது அந்த ஒரு தடவைதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

கடைசியில் ஒரு நாள் மாரியாயிதான் கண்டுபிடித்தாள், இப்போதெல்லாம் இஞ்சின் சத்தமே கேட்பதில்லையே என்று. லயம் கூடிப் பேசியது. சவரிமுத்து போட்ட கல் இன்னும் அங்கேதானே கிடக்கிறது, முனி மனம் இரங்கி அவன் குழியை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து அதற்குச் சவரிக் குழி என்று பெயர். நான் வாயைத் திறக்க முடியுமா? தகட்டைச் சொன்னால் பூவையும் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அந்தக் குழியின் கல்லையெல்லாம் வாரி, கரி சுரண்டி, கழுவிப் போட்டவன் நான். சவரிக் குழியைத் துப்புரவு செய்கிற அருணாசலம் என்றுதான் எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில், ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்கள் சொந்தபந்தங்களிடம் பயணம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம். ஒரு ஞாயிறு ராகலை பஸ்ஸில் சவரி வந்து இறங்கினான். இந்தியாவுக்குப் போகச் சொல்லி அவனுக்கும் கடுதாசி வந்துவிட்டதாம். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. சட்டை மட்டும் அப்படியே நின்றது. லயத்து வாசலில் அவனுக்கு மாலை வாங்கி வைத்து, வடை சுட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் நேராக இஞ்சின் அறைக்கு வந்தான்.

பின்சுவருக்குப் போய் குழாய் இணைப்பைத் தடவிப் பார்த்தான். கம்பியில் கோத்து ஆணியில் மாட்டியிருந்த மற்றத் தகடுகள் அவன் கண்ணில் பட்டன. எடுத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தான்.

"வாரத்துக்கு ஒண்ணாங்கண்ணே?"

"ஆமா."

"எனக்கு இது தோணவே இல்லியே" என்றான்.

என் வேலைக்கு நான் கேட்ட ஒரே பாராட்டு அது. அதையும் அவன் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. அந்த நொடியில் என்னையறியாமல், "சவரி, அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் தகடுகளை மறுபடி ஆணியில் மாட்டினான்.

"தெரியும்ணே. நான் இங்கருந்து போறப்ப டீமேக்கர் ஐயா சொன்னாரு."

"அப்ப ஏன் ஆருகிட்டயும் சொல்லல?"

"ஒங்க வீட்டுப் புள்ள கையால எடுத்தது. அதப் போயி பொய்யின்னு நாலு பேரு முன்னால எப்பிடிச் சொல்றது?"

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தாலும் பரவாயில்லை. இதிலும் அவனே ஒசத்தியாகிவிட்டான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இரண்டாவதாகத்தான் வெட்கம் வந்தது.

வெளியே லயத்து ஜனம் அவன் கழுத்தில் மாலையைப் போட்டது. மாரியாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகள் தூங்குவது உன்னால்தான் என்று கண் கலங்கினாள். சவரி மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட வந்தான். சத்தத்தைக் குறைத்தது அவன் இல்லை, அருணாசலண்ணன்தான், தகடு தகடாக வெட்டிக் குறைத்தார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். பூவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு நிமிஷம் ஜனம் என்னைப் பார்த்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சங்கத் தலைவர் அவன் முதுகில் தட்டினார். மாலையை அவன் கழுத்துக்கே திருப்பிப் போட்டார்கள். பஸ் ஏறும் வரைக்கும் வடையும் கண்ணீருமாகப் போய் வழியனுப்பினார்கள்.

பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகு செல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தான் செஞ்சதக் கூட ஒங்க பேர்ல சொல்லிட்டுப் போறாரே, அந்த மனசு ஆருக்குங்க வரும்?"

ஒருவருக்கும் வராது என்று சொல்லிவிட்டு, இஞ்சினுக்கு எண்ணெய் விடப் போனேன்.